கட்டுக்கரைக்குளத்தின் பங்கை எழுத்தில் கேளுங்கள்

(நானாட்டானில் கூடிய கமக்காரர் மத்தியில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வேளாண்மையைப் பற்றி உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. உங்கள் வயலுக்கு வரும் நீர் எந்தச் சட்டத்திற்கு உட்பட்டு வருகின்றது என்பதைச் சொல்லவே வந்தேன்.

கட்டுக்கரைக்குளம் ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் கட்டப்பட்டதென்பர். நெடுங்காலம் தூர்ந்து கிடந்த அதனைப் பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனரமைத்தனர். குளம் பெரிது, அதன் சொந்த நீரேந்து பரப்போ சிறிது. தேக்கம் அணையே அருவியாற்று நீரைத் திருப்பி, வாய்க்கால் வழியே அதனை நிரப்புகின்றது. அணையும் வாய்க்காலும் கெட்டால், குளம் பெயரளவிலேயே குளம்!

சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்றழைக்கும் இவ்வாறு, ரிட்டிகலையில் தோன்றி, அனுராதபுரத்தைக் கடந்து, 164 கிலோமீற்றர் ஓடி அரிப்பில் கடலைச் சேர்கின்றது. நாமோ ஆற்றின் கடைசியில் இருப்பவர்கள். 2016, 2017ஆம் ஆண்டுகளின் வறட்சியில் நாடெங்கும் வயல்கள் தரிசாகக் கிடந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் இதே ஆற்றில் கரைபுரண்டது. நீர் இல்லாத துன்பமும் நீர் மிகுந்த துன்பமும் நம்மிடமே வந்து முடிகின்றன.

இவ்வாற்றைப் பற்றி முடிவு செய்பவர் யார்? 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் நீர்ப்பாசனத்தை மாகாணங்களுக்கு அளித்தது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களினூடாக ஓடும் ஆறுகளின் திட்டங்களை அதிலிருந்து விலக்கியது. அருவியாறு வடமத்திய மாகாணத்திலிருந்து வருவதால், அதன் நிதியும் திட்டமும் கொழும்பிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. 2013இல் தெரிவாகி 2018இல் காலம் முடிந்த வட மாகாண சபைக்கும் இவ்வாற்றில் அதிகாரம் இருக்கவில்லை. இரு மாகாணத்தார் பருகும் ஆற்றுக்குப் பொது அதிகாரம் ஒன்று வேண்டுமென்பதை நான் மறுக்கவில்லை. அது கடைமடையின் குரலையும் கேட்கவேண்டும் என்பதே என் வாதம்.

தந்திரிமலைப் பகுதியில் அணை கட்டும் கீழ் மல்வத்து ஓயாத் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகின்றது. கட்டுக்கரைக்குளத்திற்கும் அகத்திமுறிப்புக் குளத்திற்கும் அதனால் நீர் கிடைக்கும் என்கின்றனர். கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆயினும் அணை மேலே எழும்போது திறவுகோலும் மேலேயே இருக்கும். வாய்மொழியாகச் சொன்ன பங்கை எந்த நீதிமன்றில் நிலைநாட்டுவோம்?

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று: மழை குன்றிய ஆண்டில் கட்டுக்கரைக்குளத்திற்கு எவ்வளவு நீர் என்பது எழுத்தில் வரவேண்டும். இரண்டு: புதிய அணைக்குப் பணம் ஒதுக்கும் அதே மதிப்பீட்டில், தேக்கம் அணையையும் வாய்க்கால்களையும் துருசுகளையும் செப்பனிடப் பணம் ஒதுக்கவேண்டும். அடிக்கல்லில் பெயர் பொறிக்கலாம். தூர்வாரிய வாய்க்காலில் பொறிக்க இயலாது. அதனாலன்றோ வாய்க்கால்கள் மறக்கப்படுகின்றன! மூன்று: மேலே நீர் திறக்குமுன் கீழுள்ள கிராமங்களுக்கு உரிய காலத்தில் அறிவிக்கவேண்டும்.

இவற்றைக் கேட்க உங்கள் கையில் ஆயுதம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படியுங்கள். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட, வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டங்களின் விபரங்களை, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே பொதுமக்களுக்கு அறிவிப்பது அமைச்சரின் கடமை. விண்ணப்பிப்பவர் காரணம் கூறவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படவேண்டும். படித்த நண்பர்களே, இது உங்கள் வேலை. பொறியியலாளர் மதிப்பீட்டைப் பரிசோதியுங்கள். கணக்காளர் செலவைப் பாருங்கள். ஆசிரியர்கள் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள்.

இறுதியாக, கசப்பான ஒரு வார்த்தை. நீதி கேட்டு வருபவன் நீதி செய்தவனாக வரவேண்டும் என்பது சட்டத்தின் பழைய கோட்பாடு. சிறுபோகத்தில் குளத்துநீர் குறையும்போது, வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள, கடைசி வயல்காரர் இரவெல்லாம் விழித்திருப்பதை நாம் அறியோமா? ஆற்றின் கடைசியில் நின்று பங்கு கேட்கும் நாம், நம் வாய்க்காலின் கடைசியில் நிற்பவருக்கு அவர் பங்கை முதலில் அளப்போம். அதன்பின் கொழும்பிடம் நம் பங்கைக் கேட்போம், எழுத்திலே கேட்போம்.