கரிஸ்மா என்றொரு சொல்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



"கரிஸ்மா உள்ள பிள்ளை" என்று இப்போது அடிக்கடி கேட்கிறோம். மேடை ஏறியதும் எல்லோரையும் தன் பக்கம் இழுத்துவிடும் மாணவியை அப்படிச் சொல்கிறார்கள். நாங்கள் படித்த காலத்தில் அது "வசீகரம்". வசப்படுத்துதல் என்ற பொருளுடைய வடசொல் வழி வந்தது. வசியமும் அதற்கு உறவுதான். கரிஸ்மாவின் பிறப்போ வேறு.

அது கிரேக்கச் சொல். 'காரிஸ்' என்றால் அருள், தயவு, நன்றி. கிரேக்கர் இன்றும் நன்றி சொல்லும் 'எஃப்காரிஸ்தோ' அதே வேரிலிருந்து வந்தது. 'காரிஸ்மா' என்பது கேளாமலே கிடைத்த கொடை. முதலாம் நூற்றாண்டில் பவுல் கொரிந்து, உரோமைச் சபைகளுக்கு எழுதிய கடிதங்களில் இக்கொடைகளைப் பட்டியலிடுகிறார். நோய் தீர்த்தல், இறைவாக்குரைத்தல் என்பவற்றோடு கற்பித்தல், உதவி செய்தல், நிருவகித்தல், இரக்கம் காட்டுதல் என்பனவும் உண்டு. எங்கள் பொருளாளருக்கும் அதில் இடமிருக்கிறது! எல்லாமே பொது நன்மைக்காகத் தரப்பட்டவை என்கிறார் பவுல்.

சமய வழக்கிலிருந்த சொல்லைச் சமூகவியலுக்குக் கொண்டுவந்தவர் ஜேர்மன் அறிஞர் மக்ஸ் வெபர். 1920இல் அவர் இறந்தபின் வெளியான நூலில் அதிகாரம் மூவகைப்படுகிறது: மரபால் வருவது, சட்டத்தால் வருவது, கரிஸ்மாவால் வருவது. மூன்றாவது, பின்பற்றுவோர் ஏற்கும்வரைதான் நிற்கும். தலைவர் மறைந்தபின் அது பதவியாக, விதியாக, அன்றாட நடைமுறையாக மாறாவிட்டால் கலைந்துபோகும்.

எங்கள் பாடசாலை நூறு வருடம் நின்றதும் அப்படித்தான். ஸ்தாபகரின் ஆளுமையைப் பற்றி மலருக்கு மலர் எழுதுகிறோம். வரவு இடாப்பை ஒழுங்காக வைத்திருந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பிறகு பத்திரிகைகள் இச்சொல்லைக் கென்னடி போன்ற அரசியல்வாதிகளுக்குச் சூட்டின. அங்கிருந்து சினிமா நட்சத்திரங்களுக்குப் போயிற்று. கொடை என்ற பொருள் வழியில் கழன்றுவிட்டது.

இதை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நூற்றாண்டை முன்னிட்டு, வருடந்தோறும் ஒரு மாணவிக்கு ஆளுமை விருது வழங்கத் தீர்மானித்திருக்கிறோம். நன்றாகப் பேசுகிறவள்தான் அதைப் பெறுவாள் என்று பிள்ளைகள் இப்போதே சொல்லிக்கொள்கிறார்களாம். மேடைப் பேச்சுக்கு ஏற்கெனவே மூன்று கேடயங்கள் இருக்கின்றன. ஆகவே செயற்குழுவிடம் ஒன்று கேட்கிறேன்: தெரிவுக்கு முன் வகுப்புத் தோழியரிடம், விடுதிப் பிள்ளைகளிடம், "உங்களுக்கு யார் உதவினார்?" என்று இரகசியமாக எழுதி வாங்குங்கள். அந்தத் தாள்களையும் நடுவர்களின் மேசையில் வையுங்கள்.