ஒதுங்கி நிற்க ஓர் இடம்

தோழர்களே, இங்கிலாந்து மோட்டர்வேயில் கார் பழுதானால் எங்கே ஒதுங்குவீங்கள்? முன்பு ஹார்ட் ஷோல்டர் இருந்தது. ‘ஸ்மார்ட் மோட்டர்வே’ எண்டு சொல்லி அதையும் ஓடுபாதை ஆக்கினார்கள்.

2006இல் எம்42இல் சோதித்தபோது, நெரிசல் நேரத்தில் மட்டுமே அந்த ஓரத்தைத் திறந்தார்கள்; சராசரியாக 600 மீட்டருக்கு ஓர் ஒதுக்கிடம். 2014இல் எம்25இன் சில பகுதிகளில் அந்த ஓரமே இல்லை. ஒதுக்கிடங்களுக்கு இடையே 2.5 கிலோமீட்டர் வரை தூரம்.

காசு மிச்சம் அரசுக்கு. ஆபத்து யாருக்கு? வண்டியோடு நடுவழியில் நிற்பவருக்கு, அதை இழுக்க வரும் தொழிலாளிக்கு, வீதி திருத்துபவருக்கு.

2023இல் புதிய திட்டங்களைக் கைவிட்டார்கள். பறித்த ஓரம் திரும்பி வரேல்லை. “கவனமாக ஓட்டுங்கோ” எண்ட அறிவுரை மட்டும் போதாது. தொழிற்சங்கத்தில் பேசுங்கோ, உங்கட எம்பியிடம் கேளுங்கோ: எங்கள் ஓரம் எங்கே?