ஏட்டில் எழுதிய பெயர்

(நீலமலைத் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து பறிக்கும் தமிழர் பலரை இம்மலைமக்கள் 'சிலோன்காரர்' என்பர். அவர்களையே இலங்கையில் 'இந்தியாக்காரர்' என்றனர். வாய்த்துடுக்குற்றோர் 'கள்ளத்தோணி' என்றும் இழித்தனர். செய்தித்தாள்களோ 'அகதி' என எழுதும். கதி வடசொல். அதனை நீக்கி 'ஏதிலி' என்போம். ஏதிலார் என்பது குறளில் அயலாரைக் குறிக்கும். சொல் தூயதே, ஆயினும் இம்மக்களுக்கு அதுவும் பொருந்தாது. திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரப் பக்கங்களிலிருந்து வெள்ளையர் காலத்தில் கங்காணிகள் அழைத்துச் சென்ற உழைப்பாளிகளின் வழித்தோன்றல்கள் அயலார் ஆவது எங்ஙனம்? அரசேடு இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' எனப் பதிந்தது. அந்தப் பதிவுக்கு இவர்கள் கொடுத்த விலையை அறிந்தோர் சிலரே.

1948 இல் சிங்கள அரசு இயற்றிய குடியுரிமைச் சட்டம், காடு திருத்திக் கொழுந்து வளர்த்தவர்களை ஒரே வீச்சில் நாடற்றோராக்கியது. அதனைக் கண்டித்துப் பிரிந்த செல்வநாயகம் 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவ்வாண்டு வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் எட்டு இலக்கத்துக்கு மேற்பட்டோர் குடியுரிமை வேண்டினர். ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அது கிட்டியது. ஆவணம் இல்லை என்பதே மறுப்புக்குப் பெருங்காரணம். எழுத்தறிவு பெற விடாது தோட்டத்தில் அடைத்து வைத்தவர்கள், பிறப்புச் சான்று எங்கே என்று கேட்டனர்!

பின்னர் 1964 அக்டோபர் 30 அன்று சிரிமாவோவும் சாத்திரியும் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டனர். எழுவர் கப்பலேறினால் நால்வர்க்கு இலங்கைக் குடியுரிமை என்று விழுக்காடு வேறு. தேயிலைப் பெட்டிக்குக்கூட இதனினும் மதிப்பான கணக்கு உண்டு. பங்கிடப்பட்டோரின் ஒப்புதலை எவரும் கேட்டிலர்.

கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வழங்கிற்று. மலையகத்திலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்படும் வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. தாய் ஒரு நாட்டுப் பட்டியலிலும் மகன் மறு நாட்டுப் பட்டியலிலுமாகப் பிரிந்த நிலையத்துக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிவானோர்க்கு மறுவாழ்வுத் திட்டங்கள் ஒதுக்கப்பட்டன. தேயிலை அறிந்த குடும்பங்களுக்கென வனத்துறை 1968 இல் தொடங்கிய தோட்டங்களே 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. குன்னூர், கோத்தகிரி, நடுவட்டம், பந்தலூர், சேரம்பாடி எங்கும் அவர்கள் கைவண்ணமே. சமவெளியில் கடனுதவி பெற்றுச் சிறுகடை வைத்தவர்களுள் பலர், வணிகம் அறியாது முதலை இழந்து, மலையேறிக் கூலிகளாயினர். கூடலூர்ப் பக்கம் சன்ம நிலத்தில் குடியேறியோர், 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவில் சிக்கிப் பட்டாவின்றித் தவித்தனர். பணியரும் குறும்பரும் வாழ்ந்த காடு சுருங்கியது மெய். ஆனால் அதனைச் சுருக்கியோர் பெருந்தோட்ட முதலாளிகள், கூலி மக்கள் அல்லர்.

கழகத்தில் ஓய்வு பெற்றவர் 'லைன்' எனப்படும் வரிசை வீட்டையும் விட வேண்டும் என்பதே இவர்களைப் பல்லாண்டாக அலைக்கழித்த அச்சம். 2022 இல் கழக நிலத்தில் 2,000 எக்டேருக்கு மேல் வனத்துறைக்கு மீள ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது அவ்வச்சம் தெருவுக்கு வந்தது. நாற்பதாண்டு உழைப்புக்குப் பின்னும் சொந்தக் கூரையில்லை.

இவர்களாவது குடிமக்கள். 1984 இல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தும் பயணப்பட இயலாதோர் பலர். 1983 வன்முறைக்குப் பின் படகேறி வந்த மலையகத் தமிழரும் உண்டு. அண்ணன் 1975 இல் கடவுச்சீட்டோடு வந்தான். தம்பி 1990 இல் உயிரோடு வந்தான். ஒரே பாட்டன், ஒரே ஊர். அண்ணன் வாக்காளன், தம்பி முகாமில் பெயர் கூப்பிடக் கைதூக்குபவன். கடவுச்சீட்டின்றிப் புகுந்தோர் 'சட்டப்புறம்பாக வந்தோர்' என்று 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிற்று. 2019 ஆம் ஆண்டுத் திருத்தமோ பாக்கித்தான், வங்கதேசம், ஆப்கானித்தானத்திலிருந்து வந்தோர்க்கு வழிவிட்டு இலங்கையை மறந்தது. 2021 இல் தமிழக அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. நன்றே. ஆயினும் குடியுரிமை ஏடு தில்லியில் உள்ளது.

ஆதலின் இக்கூட்டத்திலுள்ள இளைஞர் ஒரு பணி செய்தல் வேண்டும். தத்தம் பாட்டிமாரின் தகரப் பெட்டிகளில் கண்டிக் கடவுச்சீட்டும், குடும்ப அட்டையும், தோட்டத்துப் பிறப்புப் பதிவும் மடிந்து கிடக்கும். கறையான் தின்னுமுன் எடுத்துப் படி பிடித்து, முகாமிலுள்ள உறவின்முறையார் பெயர்களோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். பாட்டனின் ஊரும் வட்டமும் அவற்றில் இருக்கும். வழக்காடுவோர்க்கும் மனு எழுதுவோர்க்கும் அவ்வூர்ப் பெயரே முதலில் தேவைப்படும்.