தணிந்தது வேறு, தீர்ந்தது வேறு

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் நோயைப்பற்றிப் பேசப் புகுந்தது என்னையெனச் சிலர் ஐயுறலாம். யாமும் நீரிழிவு உடையேம். அதனினும் மேலாக, ஒரு சொல்லைப் பிழைபடச் சொல்லி எம் சுற்றத்தார் ஒருவர்க்குத் தீங்கு விளைத்தேம். அப்பிழையை இவ்வவையில் ஒப்புக்கொள்வதே எமது நோக்கம்.

நீரிழிவின் இரண்டாம் வகை வந்தாற் போகாது, நாளுக்கு நாள் முதிரும் என்பதே நெடுங்காலமாக வழங்கிய கருத்து. அதனை அசைத்தது 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. கிளாஸ்கோ மைக்கேல் லீன், நியூகாசில் ராய் டெய்லர் என்னும் பேராசிரியர் இருவர் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 306 பேரைக் கொண்டு அதனை நடத்தினர். அவர்கள் நோய் கண்டு ஆறாண்டுக்கு மேற்படாதவர், மிகை எடையுடையவர், இன்சுலின் ஊசி போடாதவர். ஏறக்குறைய ஒரு பாதியார்க்குச் சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தி, நாளொன்றுக்கு 850 கலோரி அளவிலான பானவுணவை 3 முதல் 5 மாதம் கொடுத்துப் பின்னர்ப் படிப்படியாக வழக்கமான உணவுக்குக் கொணர்ந்தனர். ஓராண்டு முடிவில் இவருள் நூற்றுக்கு 46 பேர்க்கு மருந்தின்றியே சர்க்கரை அடங்கிநின்றது. வழக்கமான மருத்துவம் பெற்றவருள் நூற்றுக்கு நால்வர்க்கே அங்ஙனமாயிற்று. கல்லீரலிலும் கணையத்திலும் மிகுந்த கொழுப்புக் கரைதலே இதற்குக் காரணமென்பர். ஆயினும், ஈராண்டு முடிவில் அந்த 46 என்பது 36 ஆகக் குறைந்தது என்பதையும் மறத்தலாகாது.

இந்நிலையை மருத்துவர் 'தீர்ந்தது' என்றாரல்லர். மருந்தை விட்டு மூன்று மாதமேனும் சென்றபின் எச்பிஏ1சி அளவு நூற்றுக்கு 6.5-க்குக் கீழ் நிற்பதே அதற்குரிய இலக்கணமென 2021-இல் வல்லுநர் வகுத்தனர். தமிழில் அதனைத் 'தணிவு' என்றலே பொருந்தும். தீர்ந்தது மீளாது, தணிந்தது மீளக்கூடும். நீறு பூத்த நெருப்பை அணைந்த நெருப்பென்று எண்ணிக் காலை வைப்பார் உண்டோ?

யாமும் மருத்துவர் சொற்படி நடந்து 14 கிலோ எடை குறைத்து, மருந்தை விட்டு ஐந்து மாதமானபின் 6.1 என்னும் அளவைக் கண்டேம். அடுத்த வாரம் ஒரு திருமணப் பந்தியில், "எமக்குச் சர்க்கரை தீர்ந்துவிட்டது" என்று பெருமிதத்தோடு சொன்னேம். அருகில் எம் அத்தை இருந்தார். அவர் இருபதாண்டாக அந்நோயுடையவர். ஊர் திரும்பியதும் ஒருவரையும் கேளாமல் மாத்திரைகளை விட்டுவிட்டார். சில மாதத்தில் காற்புண் ஆறாது முற்றி, ஒரு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. யாம் காணச் சென்றபோது அவர் சினந்தாரல்லர். "உனக்குத் தீர்ந்ததே தம்பி, எனக்கும் தீரும் என்றிருந்தேன்" என்றார். சொல்லாராய்ச்சியே தொழிலாகக் கொண்ட எமக்கு அதனினும் பெரிய தண்டனை வேறில்லை.

ஆதலின் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, மருத்துவரைக் கேளாது ஒருவரும் மருந்தை நிறுத்தற்க. ஒருவர்க்குத் தணிந்தமை மற்றொருவர்க்குச் சான்றாகாது.

இரண்டாவது, தணிவு பெற்றவர் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தம், கண், கால், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதித்துக் கொள்க. ஒவ்வொரு முறையும் முடிவுத்தாளைப் பிரிக்கும்போது எம் கை நடுங்குவதுண்டு; அந்நடுக்கத்துக்கு அஞ்சிச் சோதனையை ஒழித்தல் அறிவுடைமையன்று. நம் வீட்டு விழாக்களிலும், "இன்றைக்கு ஒருநாள்தானே" என்று அவர் இலையில் இனிப்பை வற்புறுத்தி இடாதிருத்தலே மெய்யான உபசாரம்.

மூன்றாவது, தணிவு பெறாதவரை முயற்சியற்றவர் என்று பழிக்கற்க. முன்சொன்ன ஆராய்ச்சியிலும் பாதிக்கு மேற்பட்டோர் அதனைப் பெற்றிலர். நோய் நாட்பட்டவர்க்கு இன்சுலின் சுரக்கும் ஆற்றலே குன்றியிருக்கலாம், அது குணக்குறையன்று. மருந்துண்டு சர்க்கரையை அடக்கி வாழ்வதும் வெற்றியே.

எம் அத்தை இன்று மாத்திரையுண்டு நலமாயிருக்கின்றார். அவர் இசைவு பெற்றே இதனைச் சொன்னேம். இனி எவரேனும் எம் உடல்நலம் உசாவின், "தணிந்திருக்கிறது" என்றே விடையிறுப்பேம். நீவிரும் அங்ஙனமே சொல்லுவீராக.