நீர்க்களையும் வடிகாலும்
(பாகாயம் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மழைக்காலத்தில் வேலூரின் தாழ்ந்த தெருக்களில் நீர் புகுந்தவுடன், கால்வாயை அகலப்படுத்துக என்னும் குரல் எழுகின்றது. அகலம் போதாமை சிலவிடத்து உண்மையே. ஆயினும், இருக்கும் அகலத்தில் நீர்க்களை விழுங்குவது எவ்வளவு என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டுமென்பது எமது கருத்து.

இராபர்ட் மானிங் என்னும் அயர்லாந்துப் பொறியாளர் 1889-இல் நீரோட்டத்தைக் கணிக்க ஒரு சூத்திரம் வகுத்தார். கால்வாயின் சொரசொரப்பை அஃது ஓர் எண்ணாகக் கொள்ளும். களையற்ற மண்கால்வாய்க்கு அவ்வெண் ஏறக்குறைய 0.022, நீர்மட்டம்வரை களை அடர்ந்ததற்கு 0.080 அளவினது. அகலமும் ஆழமும் சரிவும் மாறாதிருக்க, இவ்வெண் பெருகும் விகிதத்தில் ஓட்டம் குறையும். நான்கு குடம் நீர் செல்லவேண்டிய நேரத்தில் ஒரு குடத்திற்குச் சற்று மிகுதியாகவே செல்லும் என்றவாறு. எஞ்சிய நீர் கரையேறாது யாது செய்யும்?

களைகள் ஒருதன்மைய அல்ல. வேலம்பாசி நீருள் மூழ்கிக் கிடப்பது, சம்பும் நாணலும் சேற்றில் வேரூன்றி நிற்பன, ஆகாயத்தாமரை மிதப்பது. (நம் வைத்திய நூலார் ஆகாயத்தாமரை என்றது வேறொரு சிறு பூண்டு. தென்னமெரிக்காவினின்று வந்த இவ்வூதாப்பூச் செடிக்கு அப்பெயர் பிற்காலத்தே ஏறிற்று. வெங்காயத்தாமரை என்பதே இதற்குப் பொருந்தும்.) மிதப்பதன் அடியில் நீர் ஓடாதோ எனின், ஓடும், ஆனால் மெத்தைபோற் பரந்த அதன் வேர்கள் மேற்புறத்தும் உராய்வை உண்டாக்கும். வெள்ளத்தில் பெயர்ந்து சென்று சிறுபாலங்களின் கண்களை அடைத்துக்கொள்வது அதனினும் கொடிது. ஓட்டம் தளர்ந்தவிடத்து வண்டல் படியும். அவ்வண்டலிற் சம்பு முளைக்கும். சம்பு மேலும் வண்டலைப் பிடிக்கும்.

இக்களைக்கு உரமிடுவோர் நாமே. வீட்டுச் சாக்கடையிலுள்ள நைட்ரசனும் பாஸ்பரசும் வெங்காயத்தாமரைக்கு நல்லுணவு. தக்கவிடத்தில் இரண்டு வாரத்தில் அஃது இருமடங்காகும். வங்காளத்தில் இதனை ஒழிக்கவே 1936-இல் தனிச்சட்டம் இயற்றினர்.

ஆதலின், நகரினூடே சென்று பாலாற்றை அடையும் நிக்கல்சன் கால்வாயிலும், நம் ஓட்டேரி ஏரியின் கால்களிலும், ஐப்பசிக்கு முன்னரே களையெடுத்தல் வேண்டும். எடுத்ததைக் கரையிற் குவித்துச் செல்லும் வழக்கம் பயனற்றது. முதல் மழையே அதனை மீண்டும் உள்ளே தள்ளும். வெங்காயத்தாமரையோ கணுவுள்ள துண்டு ஒன்றிலிருந்தே தழைக்கும். அதன் விதை சேற்றிற் பல ஆண்டு கிடந்தும் முளைக்கும். வண்டியேற்றி அகற்றி உரக்குழியில் இடுதலே தக்கது.

சங்கத்தார் தத்தம் தெருவிலுள்ள சிறுபாலங்களைப் பார்வையிட்டு, அடைபட்டவற்றைக் குறித்து இம்மாதத்துக்குள் மாநகராட்சிக்கு விண்ணப்பம் கொடுப்பாராக. ஏரிக்கால் பக்கத்தைப் பாகாயத்து அன்பர்கள் ஏற்றுக்கொள்ளலாம்.