படிவம் கேட்கும் கேள்விகள்



எழுத்துக்கூட்டிப் படிக்க நமக்கு வந்துவிட்டது. ஆனால் மாற்றுத்திறனாளி உதவித்தொகைப் படிவம் கைக்கு வந்தால், நன்கு படித்தவர்களும் தயங்குகிறார்கள். எழுத்து புரிகிறது, கேள்வி புரிவதில்லை. அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ஊனத்தின் வகை என்ன?' இது ஒரு கேள்வி. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைகளைச் சொன்னது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. கை, கால், கண், காது மட்டும் அல்ல. மனநோய் உண்டு. தலசீமியா என்னும் இரத்த நோய் உண்டு. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. "எனக்குக் கைகால் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

'சதவீதம் எவ்வளவு?' இதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு கண்ணில் ஒன்று போனால் 50 என்று நினைப்போம். மற்றக் கண் நன்றாக இருந்தால், அரசின் அளவுப்படி அது 30 சதவீதம்தான். காலுக்கு 50, காதுக்கு 30, மொத்தம் 80 என்று கூட்டவும் கூடாது. மருத்துவக் குழுவின் கணக்கில் அது சுமார் 63 தான். ஆகவே சான்றிதழில் உள்ள எண்ணையே பார்த்து எழுதுங்கள்.

அந்த எண் ஏன் முக்கியம்? அரசு வேலையில் இட ஒதுக்கீடு பெற 40 சதவீதம் வேண்டும். இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பமாகவும் இருக்க வேண்டும். ஓய்வூதியம் மறுக்கப்பட்டால், எல்லா உதவியும் போயிற்று என்று பொருள் அல்ல. மாநில அரசின் திட்டத்தில் வேறு அளவு இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

'நிரந்தரமா, தற்காலிகமா?' தற்காலிகம் என்றால் சான்றிதழில் முடியும் தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முன்பே புதுப்பியுங்கள்.

சதவீதம் குறைத்துப் போடப்பட்டதாக நினைத்தால் மேல்முறையீடு செய்யலாம். 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது.

வேறொருவர் எழுதிக் கொடுத்தாலும், எழுதியதை நீங்களே ஒருமுறை படியுங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மனுவைக் கொடுத்ததும் ரசீது கேட்டு வாங்குங்கள்.