தொழிற்பயிற்சியும் கல்வியே
(வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் நம் தெருப் பிள்ளைகளின் கல்விக்குத் துணை நின்ற இக்கழகத்தைப் பாராட்டவே என்னை அழைத்தீர்கள். பாராட்டுக்கு முன் என் பிழை ஒன்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், நான் பட்டதாரி ஆசிரியனாக இருந்தபோது, பத்தாம் வகுப்புத் தேறிய நம் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேரட்டுமா?" என்று கேட்டான். "தலைமுறை தலைமுறையாக நம்மவர் உடலுழைப்பில் தேய்ந்தது போதாதா? நாற்காலியில் அமரும் வேலைக்குப் படி" என்றேன். அவன் குடும்பத்தால் மேனிலைப் படிப்பின் செலவைத் தாங்க இயலவில்லை. பாதியில் நின்றவன் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்தான். அங்கே முகக்கவசம் தருவாரும் இல்லை. முறையாகக் கற்பிப்பாரும் இல்லை. ஒரு நாள் வெறுங்கண்ணோடு வெல்டிங் செய்துவிட்டு, அன்றிரவு கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போலத் துடித்தான். மறுநாள் அவன் தாய் வந்து, "வாத்தியாரய்யா, நீங்கள் சொன்னபடிதானே கேட்டான்?" என்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

நான் எங்கே தவறினேன்? பிறப்பால் சுமத்தப்பட்ட உழைப்பையும், விரும்பித் தேர்ந்து கற்ற தொழிலையும் ஒன்றென எண்ணினேன். சாதியமைப்பு மனிதனின் தொழிலை அவன் பிறக்கும் முன்பே முடிவு செய்து, உழைப்பாளிகளையே மேல் கீழென அடுக்கிவிடுகிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டிலேயே விளக்கினார். தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறிப்பதே கொடுமை. நானும் அன்று அம்மாணவனின் தேர்வைப் பறித்தேன் அல்லவா?

இளைஞர்களே! பற்றவைப்பு வெறும் கைவேலையன்று, அது அறிவியல். எஃகு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். மின்வில்லின் வெப்பமோ அதனினும் பன்மடங்கு. அதிலிருந்து கிளம்பும் புற ஊதாக் கதிரே கண்ணைச் சுடுகிறது. வலியோ சில மணி நேரம் கழித்துத்தான் தோன்றும். எத்தகடுக்கு எந்த ராடு, எவ்வளவு மின்னோட்டம், எந்தக் கோணம், என்ன வேகம் என்பதை அறியாதவன் கையில் இணைப்பு வெளியே பளபளக்கும். உள்ளே துளை விழுந்திருக்கும்.

அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பயிற்சி ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 14 வயதும் போதும். பெண்களும் சேரலாம். தமிழ்நாட்டில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. தேறியவர்க்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அதன்பின், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஆலைகளில் உதவித்தொகையோடு பழகலாம்.

திருச்சிராப்பள்ளியை எண்ணிப் பாருங்கள். அங்கே 1965இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது. கொதிகலனில் உயரழுத்த நீராவி பாயும் குழாயின் இணைப்புகளை எக்ஸ்ரே படம் எடுத்துச் சோதிப்பார்கள். குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் பற்றவைக்கச் சொல்லும் '6ஜி' தேர்வு கடினமானது. அந்தப் படத்தில் இணைப்பின் குறை தெரியும். இணைத்தவனின் சாதி தெரியாது. பட்டறை வாசலில் சாதி கேட்பவர் இன்றும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் சான்றிதழும் திறமையும் நம் கையில் இருத்தல் வேண்டும்.

கல்லூரிக்குச் செல்லாதீர்கள் என்று நான் கூறவில்லை. கல்லூரியை விரும்பும் மாணவனைப் பட்டறைக்குத் தள்ளுவதும் அநீதியே. இரண்டு வழியையும் காட்டுவதே ஆசிரியன் கடமை, தேர்வு மாணவனுடையது.

கண் குணமானதும் அம்மாணவனை நானே அழைத்துச் சென்று தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்தேன். இன்று அவர் தேர்ந்த குழாய்ப் பற்றவைப்பாளர். ஆயினும் அவர் இழந்த மூன்று ஆண்டுகளை என்னால் திருப்பித் தர இயலாது.

ஆகவே கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு முடிவு வெளிவரும் நாளில் விண்ணப்பம் நிரப்ப உதவும் ஒரு மேசையை நம் தெருவில் போடுங்கள். அங்கே மேனிலைப் படிப்பு விண்ணப்பமும் இருக்கட்டும். தொழிற்பயிற்சி விண்ணப்பமும் இருக்கட்டும். பயிற்சியில் சேரும் பிள்ளைக்கு ஒரு முகக்கவசமும் தோல் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். இந்த விழாவின் நினைவுப் பரிசு அதுவாகவே இருக்கட்டும். முதல் கவசத்திற்கான பணத்தை இன்றே நான் கழகப் பொருளாளரிடம் அளிக்கிறேன்.